காசில் தலைகீழாகத் தொங்கும் முனி

தேரா, துபாய்
1976, கார்த்திகை மாதம்

என் மனைவி வீரம்மாளுக்கு, உன் கணவன் அம்மையப்பன் தன் கையாலேயே எழுதும் கடிதம்.

முதலில் இந்த எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு எழுத்து யானை மாதிரியும் அடுத்த எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும். வரி நேராகத்தான் தொடங்குகிறது, பாதியில் படகுத்துறைப் படியில் இறங்குவதுபோலக் கீழே போய்விடுகிறது. அங்கங்கே இருக்கும் கறையெல்லாம் தேநீர். அறுபது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை, கொஞ்சம் நடுங்குகிறது. பாதி நடுக்கம் வயதால், பாதி சந்தோஷத்தால்.

இதைப் படித்துக்காட்டும் எதிர்வீட்டு நாகவள்ளிக்கு ஒரு வார்த்தை. அம்மா, இதுவரை என் கடிதங்களையெல்லாம் நீதான் வாசித்தாய். இதையும் நீயே வாசி. ஆனால் என் மகள் சுந்தராம்பாள் பக்கத்தில் இருக்கும்போது வாசிக்காதே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் காதில் இதெல்லாம் விழக்கூடாது. அவளைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு, பயம் வருகிற இடங்களை மட்டும் கொஞ்சம் மெதுவான குரலில் படி.

வீரம்மா, இத்தனை வருஷமாக எனக்காக யார் யாரோ கடிதம் எழுதினார்கள். எல்லோரும் முதல் வரியில் 'இவ்விடம் நலம்' என்று எழுதிவிட்டுத்தான் நான் சொல்வதையே கேட்டார்கள். காய்ச்சலில் கிடந்தபோதும் நலம், வேலை போனபோதும் நலம். இப்போது பேனா என் கையில். இவ்விடம் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

நான் வேலை செய்யும் நகைக்கடை முதலாளி மீராசாவை உனக்குத் தெரியும், கீழக்கரைக்காரர். போன மாதம் அவர் கடைக்கு மக்தூம் என்ற பழைய முத்துக்குளிக்கும் படகின் தலைவர் வந்தார். காலமான தாயாரின் கழுத்துமாலையை விற்க வந்திருந்தார். முழுக்கத் தங்கக் காசு கோத்த மாலை, ஒவ்வொரு காசும் ஒவ்வொரு தேசம். முத்து வாங்க வந்த கப்பல்காரர்கள் எந்தக் காலத்திலோ கொடுத்தவையாம். முதலாளி அதை அறுத்துத் தட்டில் கொட்டி, உருக்கச் சொல்லி ஆசாரி தியாகுவிடம் கொடுத்தார். நான் அந்த நேரம் தேநீர் கொண்டுபோனேன். தட்டைப் பார்த்தேன்.

ஒரு காசில் நம் முனி நிற்கிறார்!

சத்தியமாகச் சொல்கிறேன். உடம்பில் துணி இல்லை. இடுப்பில் இலைக்கொத்து. மார்பு வரை தாடி, உடம்பெல்லாம் ரோமம். கையில் வேரோடு பிடுங்கிய மரம். நம் கண்மாய்க்கரை முனியேதான். நம்மவர் கையில் அரிவாள் இருக்கும், இவர் கையில் இல்லை. விமானத்தில் அரிவாளை அனுமதிக்க மாட்டார்கள், வந்த இடத்தில் கிடைத்த மரத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"முதலாளி, இது நம்ம சாமி. நெருப்புல போடாதீங்க" என்றேன்.

"அண்ணே, இது ஜெர்மன்காரங்க காசு. இதுல எங்கே வந்துச்சு உங்க சாமி? டீயைக் குடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி.

தியாகு தங்கம் உருக்கும் மூசையைக் கரியில் வைத்துக்கொண்டே, "சாமியா இருந்தா உருகாதுல்ல பெரியவரே? போட்டுப் பாத்துருவமா?" என்று கேட்டான். நான் தட்டின் மேல் கையை வைத்துவிட்டேன். முதலாளிக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "எடுத்துக்கங்கண்ணே. இத்தனை வருசம் டீ போட்டுக் குடுத்ததுக்கு என் அன்பளிப்பு. பேரப்புள்ளைக்குப் போடுங்க" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். நம் சுந்தராம்பாள் கழுத்தில் பிரசவம் வரை காவலாக இருக்கட்டும், பிறகு பிள்ளைக்குக் கட்டலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் கோத்திருந்தபோது காசில் துளை இல்லை, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதனால் வளையம் வைக்கச் சொல்லித் தியாகுவிடம் கொடுத்தேன். இந்தத் தியாகுவும் நானும் கடைக்கு மேலே ஒரே ரூமில் இருக்கிறோம். நாகர்கோவில் பக்கத்துப் பையன். கை சுத்தம், வாய்தான் அடங்காது. காசின் மறுபக்கம் ஒரு ராஜா இருக்கிறார். சுருள் சுருளாகத் தோள் வரை முடி, தடித்த மோவாய். தியாகு ராஜாவின் தலைக்கு மேலே வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்தான். சிவப்புக் கயிற்றில் கோத்து ரூம் ஆணியில் மாட்டினேன். திருப்பிப் பார்த்தால், வீரம்மா, முனி தலைகீழாகத் தொங்குகிறார். கால் மேலே, தாடி கீழே, மரத்தின் வேர் வானத்தைப் பார்க்க!

"என்னடா தியாகு இது?"

"எல்லாக் காசுக்கும் தலை இருக்க பக்கம்தான் மேல. நான் ராஜாவைப் பாத்து வச்சேன். பின்னால ஒருத்தன் அம்மணமா நிக்கான்னு எவன் பாத்தான்?"

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

இங்கே மதியத் தொழுகைக்குப் பின் கடைகளை அடைத்தால் மாலைத் தொழுகை முடிந்துதான் திறப்பார்கள். அந்த உச்சிப்பொழுதில் தங்கச் சந்தையில் ஒரு பூனை கூட நடக்காது. வெயில் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருக்கும். தியாகு குறட்டை விடுவான். நான் உட்கார்ந்து எழுத்துப் பழகுவேன். வங்கி அதிகாரி ஸ்ரீனிவாசன் சார் வீட்டு அம்மா ஷியாமளா வெள்ளிக்கிழமை தோறும் எங்களைப் போன்ற கிழட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அந்த வாரப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி நின்றது. காற்று இல்லை. அப்போது காசு தானாகத் திரும்பியது.

மெதுவாக. ராஜா, முனி, ராஜா, முனி. பிறகு முனி பக்கம் வந்து நின்றுகொண்டது. நான் எழுந்துபோய் ராஜா பக்கம் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் முனி. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். கூடவே ஒரு வாசனை. மழையில் நனைந்த மரம் போல, குங்கிலியம் போல. துபாயில் மழை ஏது, மரம் ஏது? அப்புறம் நடைச் சத்தம் கேட்டது. மாடிமேல் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, வீரம்மா. சத்தம் கூரைக்கு மேலே இல்லை. கூரைக்கு உள்பக்கம், எங்கள் பக்கம், தலைகீழாக.

நிமிர்ந்து பார்த்தேன். பலகைக் கூரையில், சுவரோரமாக, ஒரு பெரிய வெறுங்காலின் தடம். பிறகு இன்னொன்று.

பயந்துதான் போனேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் சிலேட்டை எடுத்து 'பயம்' என்று எழுதினேன். பிழையில்லாமல் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

தியாகுவை எழுப்பிக் காட்டினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். "யோவ் பெரியவரே, இது பிளைவுட். மேல ஏத்தி ஆணி அடிக்கதுக்கு முன்னால கீழ போட்டு எந்தப் பட்டாணி வேலைக்காரனாவது மிதிச்சிருப்பான். உறங்கவிடும்" என்றான். சரி என்று நானும் படுத்துவிட்டேன். மறுநாள் அந்தத் தடம் சுவரோரம் இல்லை, என் படுக்கைக்கு நேர் மேலே இருந்தது. தியாகுவைக் கேட்டேன். "பட்டாணி திரும்ப வந்திருப்பான்" என்று சொன்னான். ஆனால் அன்று முதல் மதியத்தில் கீழே கடைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். அங்கே காற்று வருகிறதாம். கடை அடைத்திருக்கும்போது எங்கிருந்து காற்று வரும் என்று நான் கேட்கவில்லை.

பிறகு தேநீரில் இலை விழ ஆரம்பித்தது. தேயிலை இல்லை. ஊசி போல நீளமாக, பச்சையாக. துறைமுக வேலைக்கு வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் மனைவிக்கு வளையல் வாங்க வருவார். அவருக்குக் கொடுத்த தேநீரிலும் ஒன்று விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. இலையை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் காசைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல முதலாளி தமிழில் சொன்னார்.

அந்த இலை அவர் ஊர்ப் பக்கத்துக் காட்டு மரத்துடையதாம். அங்கே ஒரு பெரிய மலை, மலை முழுக்கச் சுரங்கம். அந்த நாட்டு ராஜா அடித்த காசு இது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி ஒரே தேசம் இல்லையாம். ஊருக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு காசாம். இதில் நிற்பவர் சாமி இல்லை, காட்டு மனுஷன். சுரங்கம் தோண்ட வந்தவர்கள் அவரைக் காட்டில் பார்த்து அடித்துப் பிடித்துவிட்டார்கள். பிடிபட்ட பிறகு அவர் பேசவில்லை. எந்த வேலையையும் தொடவில்லை. தன் காடு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவிடம் காட்டக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போனார். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைத் தோண்டினால் புதையல் போல உலோகம் கிடைத்ததாம். அதனால் அவரைக் காசில் போட்டுவிட்டார்கள்.

தியாகுதான் கேட்டான்: "அப்போ ராஜாதான் அவருக்குக் கஃபீலா? பாஸ்போர்ட்டைப் புடிங்கி வச்சிருப்பான். அதான் போக முடியல." (கஃபீல் என்றால் எங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்து வேலைக்கு வைத்த அரபி, வீரம்மா.)

முதலாளி சிரிக்கவில்லை. "அல்லாஹ் காப்பாத்தட்டும். அண்ணே, இதை என் கடைக்குள்ள வைக்காதீங்க" என்றார்.

ஜெர்மன்காரர் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஊர்க் காசைப் பக்கவாட்டில் திருப்பக்கூடாதாம், மேலிருந்து கீழாகப் புரட்ட வேண்டுமாம். அப்படிப் புரட்டினால் இரண்டு பேரும் நேராக நிற்பார்கள். வளையம் வைத்துத் தொங்கவிட்டால் ஒருவர்தான் நிற்க முடியும், மற்றவர் தொங்கித்தான் ஆக வேண்டும். போகும்போது, எழுந்து நின்று காசுக்கு ஒரு வணக்கம் போலத் தலையைச் சாய்த்துவிட்டுப் போனார். வளையல் வாங்கவே இல்லை.

இந்த நிலையில்தான் நாகவள்ளி எழுதிய கடிதம் வந்தது. யார் உதவியும் இல்லாமல் நான் தனியாகப் படித்த முதல் கடிதம் அதுதான். ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன். வயிற்றில் குழந்தை கிடக்கவேண்டியபடி கிடக்கவில்லை, பெரியாஸ்பத்திரி டாக்டர் பயப்படுகிறார், பிரசவத்துக்குள் திரும்பாவிட்டால் வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு தடவைதான் நினைத்தேன்.

நிமிர்ந்தேன். முனி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நம் பெண்ணுக்கென்று வாங்கிய காவலை நான் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே என் பேரப்பிள்ளையும் தலைகீழாகக் கிடக்கிறது! வேறென்ன இருக்க முடியும்?

கீழே ஓடினேன். "தியாகு, இப்பவே வளையத்தை எடுத்து முனி தலைக்கு மேல வை."

"உறங்கும்போது எழுப்பாதீரும். சாயங்காலம் பாக்கலாம்."

"என் மக உசுருடா."

அவன் எழுந்து விளக்கை ஏற்றி ஊதுகுழாயை வாயில் வைத்தான். வளையத்தைப் பிரித்து, அந்த இடத்தைத் தேய்த்து மெருகிட்டு, மறு ஓரத்தில் பற்றவைத்தான். இடுக்கியில் அவன் காசைப் பிடித்திருந்தபோது எதிர்ச்சுவரில் நிழல் விழுந்தது. காசின் நிழல் வட்டமாகத்தானே விழ வேண்டும்? அந்த நிழலில் ஒரு மரம் இருந்தது. கிளை ஆடியது. நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். வேலை முடிந்ததும் தேநீர் கேட்டான். நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

முனி நேராக நின்றார். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ராஜா தலைகீழானார், அவர் முடியெல்லாம் கீழே தொங்குவது பார்க்கக் கொஞ்சம் பாவமாகவே இருந்தது. அன்று சாயங்காலமே முதலாளி கடைப் பெயர்ப்பலகையில் ஒரு ஆணி கழன்று, பலகை தலைகீழாகத் திரும்பித் தொங்கியது. அரபி எழுத்து எனக்குத் தெரியாது. ஆனாலும் தலைகீழ் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். முதலாளிக்குப் பாராட்டத் தோன்றவில்லை, என்னைத்தான் முறைத்தார்.

அதற்குப் பிறகு ரூமில் வாசனை இல்லை. நடைச் சத்தம் இல்லை. தேநீரில் இலை இல்லை. ஒரேயடியாக அமைதி. நீ வீட்டில் கோபமாக இருக்கும்போது இருக்குமே, அந்த மாதிரி அமைதி.

முதலாளியின் மைத்துனர் சனிக்கிழமை பம்பாய் வழியாக ஊர் வருகிறார். இந்தக் கடிதத்தையும் காசையும் அவரிடம்தான் கொடுத்தனுப்பப்போகிறேன். சொல்வதைக் கவனமாகக் கேள், வீரம்மா. வந்ததும் குளித்துவிட்டு, சிவப்புக் கயிற்றோடு சுந்தராம்பாள் கழுத்தில் கட்டு. முனி நிமிர்ந்து நிற்க வேண்டும். ராஜா தலைகீழாகவே இருக்கட்டும், அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வளையத்தை மாற்றிவிடாதே. முனி நிமிர்ந்திருந்தால் பிள்ளையும் வயிற்றில் முனி போல நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் கத்திக்கே வேலை இருக்காது. டாக்டர் நம்ப மாட்டார். அவர் படித்தவர், அவருக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

சுந்தராம்பாளுக்கு என் ஆசீர்வாதம், தைரியமாக இருக்கச் சொல். மாப்பிள்ளைக்கு என் மரியாதை. நாகவள்ளிக்கு, தொண்டை வறண்டிருக்கும், ஒரு சொம்புத் தண்ணீர் கொடு. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அடுத்தவர் கையால் எழுதியதால் உனக்கென்று தனியாக எதுவும் எழுதச் சொன்னதில்லை, வெட்கம். இப்போது நானே எழுதலாம், ஆனால் நாகவள்ளி படிக்கிறாள்.

இப்படிக்கு,
அம்மையப்பன்
(கையெழுத்துத்தான், கைநாட்டு இல்லை)

பின்குறிப்பு. வெள்ளிக்கிழமை.

வீரம்மா, மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. முனியை நிமிர்த்திக் கட்டாதே. நாகவள்ளி இதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும், கீழே எழுதியது என் தப்பு.

எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை ஷியாமளா அம்மாவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தார். நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, குழந்தை தலைகீழாதான் இருக்கணும்! அதுதான் சரியான நிலை. தலைதான் முதல்ல வரணும். உங்க பொண்ணுக்கு அது நிமிர்ந்து உக்காந்துண்டிருக்கு, அதான் டாக்டர் பயப்படறார்."

"யாரும்மா சொன்னது?"

"நானே ரெண்டு பெத்திருக்கேன். யார் வந்து சொல்லணும்?"

வீரம்மா, நீ மூன்று பெற்றாய். ஒவ்வொரு தடவையும் நான் வெளியே மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காசில் இருக்கும் அந்த மனுஷர் எது சரியோ அதைத்தான் அத்தனை நாளும் தொங்கித் தொங்கிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேசத் தெரியாதவர் வேறு எப்படிச் சொல்வார்? நான் அவரைப் பிடித்து நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். "தியாகு, வளையத்தைப் பழையபடி மாத்திக் குடுடா!" என் பெட்டியில் துணியில் சுற்றித் தைத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். தையல் நான் போட்டபடியே இருந்தது. காசைக் கையில் எடுத்தான். பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

வளையம் ராஜாவின் தலைக்கு மேலே இருந்தது. முனி தலைகீழாகத் தொங்கினார். மறு ஓரத்தில் பற்றவைத்த தடமே இல்லை, வழுவழு என்று இருந்தது.

"நீ அன்னைக்கு மாத்தவே இல்லையாடா? சும்மா ஊதிட்டு டீ குடிச்சியா?"

"எங்கம்மா சத்தியமா மாத்தினேன். நீரும்தானே பாத்தீரு?"

நானும்தான் பார்த்தேன்.

மேலே ரூமுக்குப் போனேன். கூரையில் என் படுக்கைக்கு மேலே இருந்த தடம் அங்கே இல்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்தது. விரல்கள் வெளியே, கிழக்கே, நம் ஊரைப் பார்த்து. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு சொட்டு இந்தக் காகிதத்தில் விழுந்தது. இந்த ஒரு கறை மட்டும் தேநீர் இல்லை. பிசின். முகர்ந்து பார், மழை வாசனை இருக்கும்.

அதனால் காசை வந்தபடியே கட்டு. எது மேல், எது கீழ் என்று பார்க்காதே, திருத்தாதே. அவருக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவர் அங்கே வந்திருந்தாலும் வந்திருப்பார். வந்தால் பயப்பட வேண்டாம். பேச மாட்டார், பேச்சுக் கொடுக்காதே. மரத்தை வாசலிலேயே சாத்தி வைக்கச் சொல். குடிக்க ஏதாவது கொடு. பிள்ளை திரும்பியதும் அவர் முகத்தை மேற்கே, அவருடைய காட்டுப் பக்கம் திருப்பி விட்டுவிடு. பிடித்து வைத்துக்கொள்ளாதே, போகட்டும்.

அடுத்த வாரமும் என் கையாலேயே எழுதுகிறேன். அதற்குள் நாகவள்ளியை ஒரே ஒரு வரி எழுதச் சொல், குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று மட்டும். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். நானே படித்துக்கொள்வேன்.